கெய்ரோவில் வாடகை வீடு தேடுபவர்கள் கவனத்துக்கு

கெய்ரோவின் மஆதி பக்கம் வீடு பார்க்கும் நம் ஆட்கள் தரகரிடம் உஷாராக இருங்கள். இந்த ஊரில் அவரை 'சிம்சார்' என்பார்கள். வழக்கமாக ஒரு மாத வாடகை அவருக்குக் கமிஷன். குடியிருப்பவர் மாறினால் மறுபடியும் கமிஷன். எங்களுக்கு நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் வேர் என்பது என் எண்ணம்.

மஆதியின் தெக்லா பகுதியில் இருந்தோம். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு, எகிப்திய பவுண்டில். 2024 மார்ச் 6 அன்று மத்திய வங்கி பவுண்டு மதிப்பின் மீதான பிடியைத் தளர்த்தியது. 31 பவுண்டுக்குக் கிடைத்த டாலர் அன்றைக்கே 50ஐ ஒட்டிப் போய்விட்டது. 2023இல் சூடானில் போர் தொடங்கி அங்கிருந்து மக்கள் வந்துகொண்டிருந்ததால் வீடுகளுக்கு ஏற்கெனவே அடிபிடி. தரகர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

எங்கள் சிம்சார் வந்தார். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணமாம், வீடு வேண்டுமாம். இல்லையென்றால் வாடகையை டாலரில் தரலாமாம். டாலர் கொடுத்தால் கல்யாணம் நின்றுவிடுமா என்ன!

ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினோம். 1996ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும் காலமும் தொகையும்தான் பேசும். அது அவருக்கும் தெரியும். வெளிநாட்டுக்காரன் கோர்ட் வாசலில் போய் நிற்க மாட்டான் என்பதும் தெரியும். அப்புறம் தண்ணீர் மோட்டார் அடிக்கடி 'பழுதானது'. அதுவரை சிரித்துப் பேசிய பவ்வாப், அதாவது கட்டடக் காவலாளி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் காலி செய்தோம்.

அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. ஏசி ரிப்பேர், சுவருக்குப் பெயிண்ட் என்று கணக்குச் சொன்னார்கள். அந்த ஏசி நாங்கள் குடிவந்த அன்றே ஓடவில்லை. படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியும் இருந்தோம். வீட்டுக்காரரைக் கேட்டால் சிம்சாரைக் கேள் என்பார், சிம்சாரைக் கேட்டால் வீட்டுக்காரரைக் கேள் என்பார். கொஞ்ச நாளில் அதே வீடு டாலர் வாடகையில் விளம்பரத்துக்கு வந்தது. படத்தில் எங்கள் திரைச்சீலைகள்!

புதிதாக வருபவர்கள் ஒப்பந்தத்துக்கு ஷஹ்ர் அல்-அகாரி என்ற அரசு சொத்துப் பதிவு அலுவலகத்தில் தேதி முத்திரை வாங்கிவிடுங்கள். அட்வான்ஸுக்கு வீட்டுக்காரர் கையெழுத்தோடு தனி ரசீது கேளுங்கள். சிம்சார் கையெழுத்து போதாது. கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.