ஜப்பானியத் தோட்டங்களில் போலரைசர்: சில வருட அனுபவம்

ஜப்பான் பயணத்துக்கு என்ன லென்ஸ் எடுத்துப் போகலாம் என்று கேட்பவர்களிடம், முதலில் ஒரு நல்ல சர்க்குலர் போலரைசர் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். லென்ஸின் முன்னால் மாட்டி, வளையத்தைத் திருப்பிப் பளபளப்பையும் பிரதிபலிப்பையும் குறைக்கும் ஃபில்டர் இது. என்னிடம் இருப்பது 77 மி.மீ. அளவு. சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டு இதையே மாட்டிக்கொள்கிறேன்.

வானம் நல்ல நீலமாக வரும் என்றுதான் பலரும் இதை வாங்குகிறார்கள். தோட்டத்தில் வானத்துக்கு என்ன வேலை? பார்க்க வேண்டியதெல்லாம் கீழே கிடக்கிறது: பாசி, ஈர இலை, கல், குளம். ஈரமான இலையில் வானத்து வெளிச்சம் பட்டு ஒரு வெளுப்பு நிற்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப அது விலகி, அடியில் இருக்கும் பச்சை தெரியும். எடிட்டிங்கில் நிறத்தை ஏற்றினால் இது கிடைக்காது, வெளுப்பும் சேர்ந்து பச்சையாகும், அவ்வளவுதான். அதனால் கியோட்டோவில் ஜூன் மழை என்றால் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் முழுக்கத் திருப்பக் கூடாது. கியோட்டோவின் தோஃபுகு-ஜி கோயிலின் வடக்குத் தோட்டத்தில், 1939இல் தோட்ட வடிவமைப்பாளர் மிரேய் ஷிகெமோரி அமைத்த சதுரக் கல்லும் பாசியும் மாறி மாறி வரும் கட்டங்கள் உண்டு. மழை நின்றதும் எடுத்தால், பாசிக்கு முழு அளவு நன்றாக இருக்கும். கல்லோ ஈரப் பளபளப்பு போய்ச் செத்த சாம்பலாகிவிடும். பாதித் திருப்பம்தான் அங்கே சரி.

கியோட்டோவின் பொற்கோயிலான கின்காகு-ஜியில் கதை வேறு. பொன் தகடு உலோகம் என்பதால் அதன் மினுக்கத்தை போலரைசர் பெரிதாகத் தொடுவதில்லை. குளத்தில் விழும் பிம்பத்தைத்தான் மங்கவைக்கும். தண்ணீர்ப் பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது பிம்பம் அநேகமாகக் காணாமலே போகும். அங்கே போவதே பிம்பத்துக்காக! வளையத்தைக் கால் வட்டம் மாற்றித் திருப்பினால் பிம்பம் இன்னும் தூக்கலாகத் தெரியும். இந்த உபயோகத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை.

ஷிமானேயில் உள்ள அதாச்சி கலை அருங்காட்சியகத்தில் தோட்டத்துக்குள் இறங்க முடியாது, பெரும்பாலும் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் போலரைசரால் பயனில்லை. பக்கவாட்டில் நகர்ந்து சாய்வாக எடுத்தால், நம் பின்னால் இருக்கும் கூட்டத்தின் நிழலுருவங்கள் கரைந்துபோகும்.

கியோட்டோவின் ரியோவான்-ஜி கோயிலில் போலரைசரைக் கழற்றிப் பையில் போட்டுவிடலாம். காய்ந்த சரளை, 15 கற்கள், மண் சுவர். அங்கே உள்ள பிரச்சினை, வராந்தாவில் உட்கார இடம் பிடிப்பதுதான். கனாசாவாவின் கென்ரோகு-என் தோட்டத்தில் பனிக்காலத்திலும் நான் மாட்டுவதில்லை. பைன் கிளைகளைத் தாங்கக் கட்டிய கயிறுகளின் மேல் பனி மினுங்குவதுதான் படமே, அதை எதற்கு அணைக்க வேண்டும்?

குறைகளுக்கு வருவோம். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தைத் தின்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). கோயில்கள் பலவற்றில் ட்ரைபாட் அனுமதி இல்லை. மரநிழலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600இல் முடிய வேண்டிய படம் 6400க்குப் போய்விடும். 24 மி.மீ.க்குக் கீழான அகல லென்ஸில் கவாகுச்சி ஏரிக்கரையிலிருந்து ஃபுஜி மலையை எடுத்தால், வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டாக விழும். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் பகுதியில்தான் விளைவு அதிகம் என்பதால் இது தவிர்க்க முடியாதது.

இத்தனை காலத்தில் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, கோட்டிங் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. சுழலும் வளையத்தில் தூசி புகுந்து லேசாக நறநறக்கிறது. ஸ்டெப்-அப் வளையத்தோடு இறுகிக்கொள்வதுதான் பெரிய தொல்லை; அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் கழன்றுவிடும். லென்ஸுக்கு வெயில் மறைப்பான ஹூட் மாட்டியிருந்தால் வளையத்தைத் திருப்ப விரல் நுழையாது, மழையில் அது இன்னும் எரிச்சல். அடுத்தது வாங்கினால் காந்தத்தில் ஒட்டும் வகைதான்.