ஊட்டியில் எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம்: படித்து முடித்தவளின் மதிப்பீடு

ஊட்டிப் பகுதியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கல்லூரியில் இரண்டாண்டு எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் படித்தேன். அங்கே பணத்துக்கு மேல் மதிப்புள்ளதாக எனக்குப் பட்டது செய்முறை வகுப்புதான்.

பாடநூல்கள் எல்லாம் சமவெளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி செல்சியஸ், 15 நிமிடம் என்பதை இளநிலையிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், அளவி 15 பவுண்டைக் காட்டும்போது உள்ளே நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 117 டிகிரிதான் இருக்கும். 121-ஐ எட்ட அளவியில் 18 பவுண்டுக்கு மேல் வேண்டும். கிருமி நீக்கிய பிறகும் வளர்ப்பூடகத்தில் (செல்களை வளர்க்கும் சத்துக் கலவையில்) ஏன் கிருமி வளர்கிறது என்பதை எங்கள் பேராசிரியை இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு விளக்கினார். டி.என்.ஏ. பிரித்தெடுக்க உதவும் எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளின் கரைசல் டிசம்பர் குளிரில் வெள்ளை வெள்ளையாகத் திரண்டுவிடும். வெதுவெதுப்பாக்கிக் கரைத்த பிறகே தொட வேண்டும். திசு வளர்ப்பு அறையை 25 டிகிரியில் வைக்க, ஊரெல்லாம் ஏசி போடும் மே மாதத்திலும் இங்கே இரவில் ஹீட்டர் தேவைப்படும். எந்த நெறிமுறையையும் காரணம் கேட்காமல் பின்பற்றக் கூடாது என்ற பழக்கம் இப்படித்தான் எங்களுக்கு வந்தது.

குறைகளும் உண்டு. டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் கருவி ஒன்றே ஒன்று. அதற்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். நொதிகளும், அந்தப் பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் பிரைமர்களும் கோவையிலிருந்து ஐஸில் வைத்து மலையேறி வர வேண்டியவை என்பதால், மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அந்த வாரச் செய்முறை போயிற்று. உயிரியல் தரவுகளைக் கணினியால் அலசும் உயிர்தகவலியலைக் கணினியைத் தொடாமலேயே நடத்தி முடித்தார்கள். முதுநிலைப் படிப்பில் இதை ஏற்க முடியவில்லை. விடுதி சுமார், வெந்நீர் மட்டும் தாராளம்.

1907-இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டியர் நிறுவனமும், முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் அருகில் இருப்பதைச் சேர்க்கையின்போது பெருமையாகச் சொல்வார்கள். தடுப்பூசித் தயாரிப்பையோ, 1961-இல் இம்மலையில் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு நூற்புழுவையோ ஆராய விரும்புவோருக்கு இது பெரிய வாய்ப்புதான். ஆனால் அருகில் இருப்பதாலேயே அனுமதி கிடைத்துவிடாது. கடிதம் எழுதுவது, நினைவூட்டுவது, காத்திருப்பது எல்லாம் மாணவர் பொறுப்பு.

தாவரத் திசு வளர்ப்பிலும் மலைப்பயிர் ஆராய்ச்சியிலும் ஆர்வமுள்ளவர்கள் தயங்காமல் சேரலாம். படித்த கையோடு பெங்களூரு மருந்து நிறுவனங்களில் வேலை தேடுவோருக்குக் கோவையோ சென்னையோ மேல். ஜிஏடி-பி என்ற உயிரித் தொழில்நுட்ப முதுநிலை நுழைவுத் தேர்வை எழுதி, மத்திய அரசின் உதவித்தொகையோடு கூடிய இடம் வேறு பல்கலைக்கழகத்தில் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் என்று முடிவு செய்தால், கட்டணம் கட்டும் முன் சென்ற ஆண்டு மாணவர்கள் நான்காம் பருவ ஆய்வை எங்கெங்கே செய்தார்கள் என்ற பட்டியலைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.