மெட்ரோவா, தாழ்தள பஸ்ஸா, ஸ்கூட்டரா: வீல்சேரில் ஆபீஸ் போகிற கணக்கு

சைதாப்பேட்டையில் வீடு, அண்ணா சாலையில் எல்.ஐ.சி. பக்கம் ஆபீஸ். நேர் ரோடு. நடக்கிறவர்களுக்கு இதில் அலசுவதற்கு ஒன்றும் கிடையாது, வருகிற பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். எனக்கு எதில் போவது என்று முடிவு பண்ணவே ஒன்றரை வருஷம் பிடித்தது. முதுகுத்தண்டில் அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே அசைவில்லை, கைகள் நன்றாக இருக்கின்றன, நாற்காலியை நானே தள்ளிக்கொள்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊன்றுகோலில் நடக்கிறவருக்கும் பார்வை இல்லாதவருக்கும் கணக்கு வேறு மாதிரி வரும்.

நான் இப்போது போவது மெட்ரோவில். ஆரம்பத்தில் எல்லாரையும் போல நேரத்தையும் காசையும்தான் பார்த்தேன். அந்தக் கணக்கு சரிப்படவில்லை. காசில் மலிவானதில் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு முழுக்க உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், உடம்பைவிட மனசுதான் அதிகம். அப்புறம் ஒரு சின்ன நோட்டு வாங்கி, ஒரு மாதம் வேறு ஒன்றை மட்டும் எழுதிவைத்தேன்: ஒரு தடவை போய்வர எத்தனை பேரிடம் "அண்ணே, கொஞ்சம் பிடிங்களேன்" என்று கேட்க வேண்டியிருக்கிறது? கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை, நம் ஊரில் அது ஒரு பாக்கியம். ஆனால் தினமும் காலையில் நாலு பேரிடம் கேட்டுவிட்டு ஆபீஸில் போய் உட்கார்வது எப்படி இருக்கும் என்பது உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

மின்சார ரயிலைச் சட்டென்று முடித்துவிடலாம். சைதாப்பேட்டையிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, சீசன் டிக்கெட்டில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதிக் கட்டணம், காசில் இதை அடிக்க முடியாது. ஆனால் பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் உயரம் ஒத்துப்போகாது, நடுவில் இடைவெளி வேறு. இரண்டு பேர் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கியாக வேண்டும், அதுவும் வண்டி நிற்கிற அந்த அரை நிமிஷத்துக்குள். நமக்கென்று ஒதுக்கிய பெட்டி இருக்கத்தான் செய்கிறது, ஏறிவிட்டால் சுகம், ஏறுவதுதான் பாடு. அதோடு என் ஆபீசுக்கு இறங்கிய பிறகும் தூரம் இருக்கிறது. மாம்பலத்தில் தி.நகர் பஸ் நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் சேர்த்து 2023 மே மாதம் 570 மீட்டருக்கு ஒரு நடைமேம்பாலம் திறந்தார்கள், லிஃப்டோடு. அந்த மாதிரி எல்லா ஸ்டேஷனிலும் வந்து, பெட்டியின் தரையும் பிளாட்பாரத்துக்குச் சமமாக வந்தால் இந்தப் பத்தியை நான் திருத்தி எழுதுவேன்.

ஆட்டோ, கால் டாக்ஸி பற்றியும் அதிகம் இல்லை. அவசரத்துக்கு உதவும். டாக்ஸியில் ஒரு விஷயம் மட்டும் பலருக்குத் தெரியாது. எரிவாயுவில் ஓடுகிற காராக வந்தால் டிக்கியில் பாதியை சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும், மடக்கிய வீல்சேர்கூட உள்ளே போகாது. ஒரு செயலியில் (பெயர் வேண்டாம்) ஒரே காலையில் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள், மூன்றாவது ஆள் மட்டும் "சாரி சார்" என்றார். அன்றோடு தினப்படிக்கு அது ஆகாது என்று விட்டுவிட்டேன்.

ஸ்கூட்டருக்கு வருகிறேன். நம் ஊரில் கால் பாதித்தவர்களுக்குப் பெரிய விடுதலை கொடுத்தது இந்த இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்தான், அதில் இரண்டு கருத்து கிடையாது. தகுதி உள்ளவர்களுக்கு அரசே இலவசமாகக் கொடுக்கிறது. நான் என் சொந்த வண்டிக்குப் பட்டறையில் சொல்லிப் பொருத்திக்கொண்டேன். முதல் பட்டறைக்காரர் வெல்டிங்கைக் கோணலாக வைத்துவிட்டார், வண்டி எப்போதும் இடது பக்கமே இழுக்கும். வேறு இடத்தில் பிரித்து மறுபடி செய்ய வேண்டி வந்தது. அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். முன்னே மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு இருந்த பெயரே காதில் விழக் கூசும் பெயர், 2019 திருத்தத்தில்தான் 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று ஆக்கினார்கள்.

ரோட்டில் யாரையும் கேட்க வேண்டாம். அந்த வகையில் நோட்டில் பூஜ்யம் விழ வேண்டும். ஆனால் விழவில்லை. ஏன் என்றால், போலியோவில் ஒரு கால் பாதித்தவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஊன்றுகோலை எடுத்து நடந்து போய்விடுவார். நான்? ஆபீஸ் வாசலில் வண்டி மேல் உட்கார்ந்திருக்கிறேன், நாற்காலி வீட்டில் இருக்கிறது. அதனால் ஆபீஸில் இன்னொரு வீல்சேர் வாங்கிப் போட்டேன். அதை வெளியே உருட்டிக்கொண்டு வர ஒருவர், நான் மாறி உட்காரும்போது பிடித்துக்கொள்ள ஒருவர். வாட்ச்மேன் அண்ணன் போனைப் பார்த்ததும் ஓடி வருவார். அவர் லீவ் போட்ட நாளில்தான் எனக்கு அவர் அருமை தெரியும். மழை, வெயில், அண்ணா சாலை டிராஃபிக் எல்லாம் இதற்கு மேல். இப்போது வீல்சேரின் முன்னாலேயே மாட்டிக்கொள்கிற மோட்டார் வண்டிகள் வந்திருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோபோல்ட் 2021இல் வந்தது, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை போகும் என்கிறார்கள். நாற்காலியோடேயே போகலாம் என்பதால் நான் சொன்ன சிக்கல் அதில் இல்லை. நண்பர் ஒருவருடையதைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்ததோடு சரி, அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஆக மெட்ரோவும் தாழ்தள பஸ்ஸும்தான் கடைசிவரை நின்ற போட்டி. பஸ்ஸுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. படி இல்லாத பஸ் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய் வருஷக்கணக்கில் போராடி வாங்கியது அது. 2024 ஆகஸ்டில் முதல் தவணையாக 58 வண்டிகள் சென்னையில் ஓட ஆரம்பித்தன, சென்னை, கோவை, மதுரை எல்லாம் சேர்த்து மொத்தம் 552 என்பது திட்டம். அடுத்த வருஷம் தாழ்தள மின்சாரப் பஸ்களும் வந்தன. வண்டி உண்மையில் நல்ல வண்டி. தரை ரோட்டிலிருந்து 40 சென்டிமீட்டர்தான், நிறுத்தத்தில் வந்து நின்றதும் யானை மண்டியிடுகிற மாதிரி இடது பக்கம் கொஞ்சம் சாயும், நடுக்கதவில் மடக்கி வைத்திருக்கிற பலகையைப் பிரித்துப் போட்டால் சாய்தளம். உள்ளே வீல்சேருக்கென்று இடம், பெல்ட் எல்லாம் உண்டு. முதல் தடவை அதில் ஏறியபோது கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன், விபத்துக்குப் பிறகு பஸ் ஜன்னல் வழியாக அண்ணா சாலையைப் பார்க்கிறது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் என் நோட்டில் பஸ் தோற்றது. எங்கே தோற்றது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், வண்டியில் குறை இல்லாமலே இது நடக்கிறது. சாய்தளத்துக்கு வழக்கமான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அடி உயர, பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அப்படி இருந்தால் கையால் தள்ளிக்கொண்டு தானே ஏறலாம். பஸ் நடைபாதையை ஒட்டி வந்து நின்றால், நடைபாதையே ஒரு 15 சென்டிமீட்டர் உயரம் கொடுத்துவிடும், மண்டியிடுவதில் இன்னும் கொஞ்சம் குறையும், மிச்சம் ஏறுவது தம் பிடித்தால் முடிகிற காரியம். ஆனால் நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோவும் இரண்டு பைக்கும் நின்றுவிட்டால் பஸ் ரோட்டின் நடுவில்தான் நிற்கும், பலகை நேரே ரோட்டில் விழும். மண்டியிடுவதைக் கழிக்காமல் பார்த்தால் 40 சென்டிமீட்டர் ஏற 4.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அந்தப் பலகை அதில் கால்வாசிகூட இருக்காது. அது செங்குத்து, பின்னாலிருந்து ஒருவர் தள்ளாமல் ஏறவே முடியாது.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஓட்டுநர் என்னைப் பார்த்து ஓரமாக நிறுத்த வேண்டும், அது ஒன்று. நடத்துநர் இறங்கி வந்து பலகையைப் பிரிக்க வேண்டும், இரண்டு. தள்ளிவிட ஒருவர், மூன்று. வீல்சேர் இடத்தில் நிற்கிற கூட்டம் நகர வேண்டும், அதை நாலு என்று வைத்தேன், நிஜத்தில் ஏழெட்டுப் பேர். இறங்கும்போது இதில் பாதி மறுபடியும். அந்த நேரம் முழுக்க ஐம்பது பேர் காத்திருப்பார்கள். நடத்துநர்கள் பெரும்பாலும் தங்கமானவர்கள், "மெதுவா வாங்க சார், ஒண்ணும் அவசரம் இல்லை" என்பார்கள், ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய நிலையில் அவரை நிறுத்தியதே நான்தானே என்று எனக்குள் ஓடும். அதற்கு மேல் ஒரு வேடிக்கை. சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் டிக்கெட் கிடையாது, நல்ல சலுகைதான், ஆனால் அப்படி ஓடுகிற வண்டிகளில் பல இன்னும் படி ஏற வேண்டிய வண்டிகள்.

மெட்ரோவில் இதையெல்லாம் கட்டடமே செய்துவிடுகிறது. சைதாப்பேட்டை நிலையம் பூமிக்குக் கீழே, 2018 மே மாதம் திறந்தது. எல்.ஐ.சி. நிலையம் அடுத்த வருஷம் பிப்ரவரியில். லிஃப்டில் இறங்கினால் அகலமான கேட் ஒன்று இருக்கிறது, கார்டைக் காட்டினால் திறக்கும். இன்னொரு லிஃப்ட், பிளாட்பாரம். தடுப்புக் கதவுகள் இருப்பதால் ரயில் எங்கே வந்து நிற்கும், கதவு எங்கே திறக்கும் என்று தேடி ஓட வேண்டியதில்லை. தரையும் பெட்டியும் ஏறக்குறைய ஒரே மட்டம். சின்ன இடைவெளி இருக்கும், அதில் முன்னால் இருக்கிற குட்டிச் சக்கரம் மாட்டிக்கொள்ளப் பார்க்கும். திருப்பிக்கொண்டு பெரிய சக்கரம் முதலில் போகிற மாதிரி பின்பக்கமாக ஏறினால் தொல்லையே இல்லை, புதிதாக வருகிறவர்கள் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் இரண்டு தடவை பழகிக்கொண்டால் போதும். ஏறி இறங்குகிறது வரை நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. அந்த மாத நோட்டில் முக்கால்வாசி நாட்களுக்கு நிலையத்துக்குள் பூஜ்யம்தான்.

நிலையத்துக்கு வெளியே பூஜ்யம் இல்லை, அதையும் மறைக்க வேண்டாம். வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் சொச்சம் தெருவில் உருட்டிக்கொண்டு வர வேண்டும். பைக் ஏறாமல் இருக்க நடைபாதையில் கம்பம் நடுகிறார்கள், பைக் எப்படியோ புகுந்து போய்விடுகிறது, வீல்சேர் நின்றுவிடுகிறது. ஒரு இடத்தில் மேடு, அங்கே டீக்கடை. கடை மாஸ்டர் நான் வருவதைப் பார்த்தால் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து ஒரு தூக்குத் தூக்கிவிட்டுப் போவார், நான் கேட்டதே இல்லை. அவரை நோட்டில் எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்து, எழுதவில்லை.

லிஃப்ட் எல்லா வாயிலிலும் இருக்காது என்பது இன்னொன்று. அண்ணா சாலையில் தப்பான பக்கம் வந்து நின்றால் ரோட்டைக் கடப்பது பெரும்பாடு. புதிய நிலையத்துக்குப் போகிற அன்று எந்தப் பக்கம் லிஃப்ட் என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்வேன். அப்புறம் எல்லாரும் கேட்கிற கேள்வி, லிஃப்ட் நின்றுபோனால் என்ன செய்வாய்? நியாயமான கேள்வி, பூமிக்குக் கீழே இருக்கிறவனுக்கு லிஃப்ட் தவிர வேறு வழி கிடையாது. அடுத்த நிலையத்தில் போய் ஏறி வருவது, இல்லாவிட்டால் தாழ்தள பஸ், இதுதான் கைவசம் இருக்கிற மாற்று. எந்த வசதியும் திறந்த அன்றைக்கு மாதிரியே இருக்காது. மெரினாவில் வீல்சேரில் கடல் வரை போக 2022 நவம்பர் கடைசியில் மரப்பாதை திறந்தார்கள், இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைப் பதம் பார்த்துவிட்டது. சரிசெய்தார்கள், அது வேறு. வசதியைக் கட்டுகிற செலவோடு அதை ஓட வைக்கிற செலவும் சேர்ந்ததுதான் என்று சொல்ல வருகிறேன், அந்தச் செலவை இதுவரை மெட்ரோதான் நன்றாகச் செய்கிற மாதிரி எனக்குப் படுகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் பயணித்ததில்லை, மெட்ரோவின் இன்னொரு தடமான பச்சை வழித்தடத்திலும் அதிகம் போனதில்லை.

கட்டணத்தில் பஸ் ஜெயிக்கும், ஆனால் மெட்ரோவில் அதிகபட்சமே 50 ரூபாய், கார்டில் போனால் 20 சதவீதம் தள்ளுபடி. இதற்காக மனசை மாற்றிக்கொள்கிற அளவு வித்தியாசம் இல்லை. மெட்ரோ போகாத ஊர்ப்பக்கம் வீடு இருந்தால் நான் இதுவரை சொன்னது எதுவும் உதவாது, அவர்களுக்குத் தாழ்தள பஸ்தான் கதி, அதற்கு நிறுத்தத்தில் ஆட்டோவும் பைக்கும் நிற்காமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பார்வை இல்லாத என் நண்பர் ஒருவர் மெட்ரோவே வேண்டாம் என்கிறார், "அங்கே யாரும் யாரோடும் பேச மாட்டேங்கிறாங்க, பஸ்ஸுல ஸ்டாப் வந்தா நாலு பேர் சொல்லுவாங்க" என்பது அவர் காரணம். நான் எதைத் தவிர்க்கப் பார்க்கிறேனோ அதுவேதான் அவருக்கு வேண்டியிருக்கிறது.

ஸ்கூட்டர் வாசலில் நிற்கிறது. விற்றுவிடலாமே என்று தம்பி கேட்டான். இணைப்புச் சக்கரத்தோடு இருக்கிற வண்டியை நம்மைப் போன்ற ஒருவர்தான் வாங்குவார், கழற்றிவிட்டு விற்கலாம் என்றால் ஆர்.சி.யை மறுபடி மாற்ற அலைய வேண்டும், போட்ட காசில் பாதி வந்தால் பெரிசு. அதோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போக அதுதான் வசதி, அங்கே வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம், மீன்காரம்மா பையைக் கொண்டுவந்து ஹேண்டிலில் மாட்டிவிடுவார்.