புல்பப்பா, நீளத் துவக்கா?

இலக்குப் பயிற்சிக்கு என்றால் எங்கள் தெரிவு பழைய நீள வடிவ எயார் ரைபிள்தான். புல்பப் என்ற குட்டை வடிவத்தில் பொறி (குண்டைச் சுடும் பாகம்) டிரிகருக்குப் பின்னால், கன்னத்துக்குக் கீழே இருக்கிறது. குழலின் நீளம் குறையாமலே துவக்கு குட்டையாகும்; கைக்கு அடக்கம். ஆனால் டிரிகரைப் பொறியோடு நீண்ட கம்பி இணைப்பதால் இழுவை தொய்யும். நல்ல தயாரிப்புகளில் இது குறைவு. ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குழலுக்கு மேலே உயர்ந்து நிற்கும்: 25 மீற்றருக்குச் சரிசெய்தால் 10 மீற்றரில் அடி கீழே விழும்.

மட்டக்களப்பு உப்புக்காற்றில் இரண்டுமே துருப்பிடிக்கும். கைப்பம்பால் துவக்கின் சிலிண்டருக்கு 200 பார் அழுத்தத்தில் காற்று ஏற்றும்போது ஈரலிப்பும் உள்ளே போகும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி பூட்டுங்கள், இடையிடையே பம்பை ஆறவிடுங்கள். முடிந்ததும் பம்பிலுள்ள அழுத்தத்தைத் திறந்துவிட்டால் நீர்த்துளி சீறி வரும். காற்றுக் கசியாமல் அடைக்கும் இறப்பர் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிக்கன் கிறீஸ் மட்டும். பெற்றோலிய எண்ணெய் உயர் அழுத்தத்தில் தீப்பற்றக்கூடும்.