ஆட்ட உலகத்துக்கு நாள்கணக்கு: அந்தச் செயலியை எடுக்கலாமா?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குள் நாளும் மணியும் கணக்கு வைக்கும் ஒரு செயலிக்கு விலையைக் குறைத்திருக்கிறார்கள். "மக்கா, எடுக்கட்டா?" என்று மார்த்தாண்டத்து நண்பன் கேட்டிருந்தான். நாகர்கோவிலில் எங்கள் கூட்டம் அதை வைத்துத்தான் இரண்டு கும்பப்பூ நெல் அறுவடையைத் தாண்டியிருக்கிறது. ஆட்டத்துக்குள் நடந்த அறுவடையைச் சொல்கிறேன்.

எங்கள் ஆட்ட உலகம் பழைய நாஞ்சில் நாட்டின் சாயலில் உள்ளது. மாதத்துக்கு எத்தனை நாள் என்பதைச் செயலியில் நாமே வைத்துக்கொள்ளலாம். ஆனிக்கு 32, மார்கழிக்கு 29 என்று போட்டேன், ஏற்றுக்கொண்டது. கொல்லம் ஆண்டு போல ஆவணியில் வருடம் பிறக்க வேண்டும் என்றேன், அதுவும் ஆயிற்று. நிலவு தேய்வதும் வளர்வதும் தானாக வருகிறது. ஐப்பசி மழையில் பழையாறு பெருகுவதற்குள் படையைக் கடத்திவிட வேண்டும் என்று ஆட்டக்காரர்களே நாள் எண்ணுகிறார்கள். முன்பெல்லாம் ஒரு சண்டை முடிந்ததும் எட்டு மணிநேர ஓய்வு என்று படுத்துவிடுவார்கள். இப்போது ஓர் இரவு போனால் எதிரி எவ்வளவு நெருங்குவான் என்று கணக்குப் பார்க்கிறார்கள். இந்த மாற்றத்துக்காகவே செயலியைக் கொண்டாடலாம்.

ஆனால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டால் போச்சு. போன ஞாயிறு இரண்டு பேர் எண்ணெய் வாங்கக் கோட்டாறு சந்தைக்குப் போனார்கள், மூன்று பேர் மருந்துவாழ்மலைக் குகைக்குள் இறங்கினார்கள். சந்தைக்கு அரைநாள். குகையில் தீப்பந்தம் எரிவதே ஒரு மணிநேரம்தான், அங்கே பத்துப் பத்து நிமிடமாக நகர வேண்டும். செயலிக்கோ ஒரே ஒரு 'இப்போது'தான் தெரியும். சந்தைக்காக மணியை முன்னே தள்ளினால் குகையில் பந்தம் அணைகிறது. பின்னே இழுத்தால் சந்தையில் நடந்ததாக எழுதி வைத்ததெல்லாம் அழிகிறது. செயலிக்காரர்களுக்குப் பலமுறை எழுதிப் போட்டும் ஒவ்வொரு அப்டேட்டிலும் புதுப் பின்னணி நிறம்தான் வருகிறது. ஒரே உலகத்தில் வெவ்வேறு கூட்டங்கள் வெவ்வேறு நாளில் நிற்கும், அதனால் நேரத்தைக் கறாராக எழுதி வை என்று இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979இலேயே டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டில் சொல்லிவிட்டார். இந்த வேலையின் அடிப்படையே அதுதானே!

குகைக்கு இப்போது கட்டம் போட்ட நோட்டுதான். ஒரு கட்டம் பத்து நிமிடம், ஆறு கட்டம் ஒரு பந்தம், கூட்டத்துக்கு ஒரு தாள். சண்டையில் எல்லாரும் ஒருமுறை ஆடி முடிக்கும் ஒரு ரவுண்ட் ஆறு நொடி என்பதால் பத்து ரவுண்ட் போனாலும் ஒரு நிமிடம்தான். காயம் கட்டுவதையும் சேர்த்து முழுக் கட்டமாக அடித்துவிடுகிறோம். ஐந்தாவது கட்டத்தில் பென்சில் பட்டதும் மேசையில் பேச்சு நிற்கிறது. செயலியின் எந்த அறிவிப்பும் இதைச் செய்ததில்லை.

நான் பார்த்ததில் இதைவிட நல்ல நாள்காட்டி எந்தச் செயலியிலும் இல்லை. இருந்தாலும் எடுக்காதே மக்கா, பாதி விலைக்கும் வேண்டாம். இரண்டு கடிகாரம் ஓடும் வசதி வந்தால் அன்றைக்கே நான் கூப்பிட்டுச் சொல்கிறேன்.