என்ஃபியூஸ்: இலவசம்தான், ஆனால் மாஸ்க் போடும் வேலை மிச்சமிருக்கும்

ஹெச்டிஆர் (ஒரே காட்சியைப் பல வெளிச்ச அளவுகளில் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது) என்றாலே முகம் சுளிப்பவர்கள் நிறையப் பேர், நானும் அதில் சேர்த்தி. வானம் ஊதா, புல் ரேடியம் பச்சை, மலை விளிம்பு முழுக்க வெள்ளைக் கோடு. அந்தக் கண்றாவி இல்லாமல் வானத்தையும் நிழலையும் ஒரே படத்தில் கொண்டுவர வேண்டும் என்பவர்களுக்கு என்ஃபியூஸ் என்ற மென்பொருளைத் தாராளமாகச் சொல்வேன். ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. பனோரமா ஒட்டும் ஹுகினோடு பெரும்பாலும் சேர்ந்தே வந்துவிடும்.

வழக்கமான ஹெச்டிஆர் மென்பொருள் எல்லாப் படங்களையும் சேர்த்து முதலில் 32 பிட் ஃபைல் ஒன்றை உருவாக்கி, அப்புறம் டோன் மேப்பிங் என்று அதைத் திரையின் வெளிச்ச அளவுக்குள் அடக்கப் பார்க்கும். படம் கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்தில்தான். என்ஃபியூஸ் அந்தப் பக்கமே போவதில்லை. மெர்டென்ஸ், கவுட்ஸ், வான் ரீத் மூவரும் 2007-இல் வெளியிட்ட எக்ஸ்போஷர் ஃப்யூஷன் முறைதான் இதற்கு அடிப்படை: இந்த இடத்துக்கு எந்தப் படத்தில் வெளிச்சம் சரியாக இருக்கிறது, எதில் நிறம் வெளுக்காமல் இருக்கிறது என்று பிக்சல் பிக்சலாக மதிப்பெண் போட்டு, அதன்படி கலந்துவிடும். வெளிச்சத்துக்கு 1, நிறச்செறிவுக்கு 0.2 என்பது அதுவே வைத்திருக்கும் அளவு, அதை நான் பெரும்பாலும் தொடுவதில்லை.

தொட வேண்டியது எக்ஸ்போஷர் ஆப்டிமம். இது 0.5-இல் இருக்கும், அதாவது நடுச்சாம்பல்தான் நல்ல வெளிச்சம் என்பது அதன் எண்ணம். பகல் காட்சிக்குச் சரி. அந்திப் படத்துக்கு அப்படியே ஓடவிட்டால் இருட்டாக இருக்க வேண்டிய பாறை இடுக்கெல்லாம் வெளிறி, மேகத்தின் வெள்ளையில் சாம்பல் பூசி, மத்தியானம் எடுத்தது மாதிரி ஆகிவிடும். 0.4 பக்கம் இறக்கிப் பாருங்கள், இருண்ட படங்களுக்கு மதிப்பு கூடி அந்தி அந்தியாகவே நிற்கும். எப்படி ஓட்டினாலும் வெளியே வருவது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், கர்வ்ஸில் கான்ட்ராஸ்ட் ஏற்றிக்கொள்ள அதுதான் வசதி.

கேமரா பதப்படுத்தாமல் பதிவுசெய்யும் ரா ஃபைலை இது படிக்காது. ஒரே ஒயிட் பேலன்ஸ், ஒரே லென்ஸ் திருத்தம் வைத்து எல்லாவற்றையும் 16 பிட் டிஃப்பாக மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றும்போது ஆட்டோ எக்ஸ்போஷர் பட்டனை மட்டும் அமுக்கிவிடாதீர்கள், வெவ்வேறு வெளிச்சத்தில் பிராக்கெட் எடுத்த பலனே போய்விடும். கையில் பிடித்து எடுத்த படம் என்றால் படங்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தும், ஹுகினில் உள்ள அலைன் இமேஜ் ஸ்டாக்கை முதலில் ஓட்ட வேண்டும். கட்டளை அடித்து ஓட்டும் மென்பொருள் என்பதால் கறுப்புத் திரையைக் கண்டாலே அலர்ஜி என்பவர்கள் டிஜிகேம் என்ற போட்டோ மென்பொருளுக்குப் போகலாம், அதில் இந்த இரண்டையும் பின்னால் ஓடவிட்டுக் கலக்கித் தரும் வசதி இருக்கிறது.

உண்மையான குறை அசைவில்தான். எது அசைந்தது என்று பார்க்கும் புத்தி இதற்கு இல்லை. கரையில் உடையும் அலை மூன்று படத்தில் மூன்று இடத்தில் இருந்தால், மூன்றும் பாதிப் பாதியாகத் தெரியும். வானத்தை ஒட்டிய இலை நுனிகள் காற்றில் ஆடியிருந்தால் இரட்டை இரட்டையாக வரும். லைட்ரூமின் ஹெச்டிஆர் மெர்ஜில், அசைவால் வரும் இரட்டை உருவத்தை நீக்க டீகோஸ்ட் என்று மூன்று நிலை வைத்திருக்கிறார்கள், வெளியே வருவதும் ரா போலத் திருத்தக்கூடிய டிஎன்ஜி ஃபைல். அந்த வசதிக்கு இங்கே பதில் கைவேலைதான்: என்ஃபியூஸ் கொடுத்த படத்தை கிம்ப் எடிட்டரில் கீழ் லேயராக வைத்து, அலை பிடித்தமாக விழுந்த ஒரே ஒரு ஃபிரேமை அதன்மேல் போட்டு, அதை மறைக்கும் கறுப்பு மாஸ்க் சேர்த்து, மென்மையான பிரஷ்ஷால் தண்ணீர் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை தடவ வேண்டும். மேல் ஃபிரேமின் வெளிச்சத்தை முதலிலேயே கீழ்ப்படத்துக்கு ஒத்துவரும்படி மாற்றிக்கொண்டால் ஓரம் தெரியாது. தண்ணீருக்கு இது போதும், பத்து நிமிட வேலை. காற்றில் ஆடும் புல்வெளி படத்தின் முன்புறத்தில் இருந்தால் என்ஃபியூஸைத் திறக்கவே வேண்டாம், ஒரே ராவில் நிழலைத் தூக்கிக்கொள்ளுங்கள், இன்றைய சென்சார்கள் அதற்குத் தாங்கும்.