பழைய எஃப்.எம். ட்யூனர் வாங்கப் போறீங்களா, மொதல்ல டயலோட வலது ஓரத்தப் பாருங்க

ரெண்டு ட்யூனர் (ஸ்டேஷன மட்டும் புடிக்க ரேடியோ பெட்டி, ஆம்ப்ளிஃபயர்ல மாட்டித்தான் கேக்கணும்) வாங்கிட்டேன், ஒண்ணு அட்டப்பெட்டியோட பரண்ல கெடக்கு, இன்னொண்ணு இத டைப் பண்ணும்போது பாடிக்கிட்டிருக்கு.

மொத ட்யூனர் ஆன்லைன்ல போட்டோ பாத்து மயங்கி வாங்குனது. வெள்ளி முகப்பு, ஒரு கீறல் கெடையாது, 4500 ரூவா. பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து ப்ளக்க சொருகப்போனா பின்னாடி 100 வோல்ட்னு போட்டிருக்கு, நம்ம 230ல போட்டிருந்தா புகைஞ்சிருக்கும். வோல்ட்டக் கொறைக்க ஸ்டெப் டவுன் பெட்டி தேடி வாங்கி மாட்டி முள்ளத் திருப்புனா 90ல போயி முட்டி நிக்கி. ஜப்பான்காரன் உள்ளூருக்குப் பண்ண செட்டு, 76லருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான், நம்மூரு எஃப்.எம்.முக்கு 108 வரைக்கும் வேணும். நம்ம சூரியன் எஃப்.எம். 93.5லல்லா வருது! வித்தவர்ட்ட கேட்டா "ஒர்க்கிங் கண்டிஷன்னுதான சார் போட்டிருந்தேன்"ங்காரு. அதுவும் நெசந்தான், என்ன செய்ய.

அடுத்தது டவுன்ல ஒரு பழைய சாமான் கடை. போனதும் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அண்ணாச்சி, டயல் 108 வரைக்கும் இருக்கா?" "முன்ன எங்கயோ மாட்டிருக்கீங்க போலயே தம்பி"ன்னு சிரிச்சிக்கிட்டே ஒரு முழ ஒயர ஆன்டெனா திருகுல சொருகி ஆன் பண்ணாரு. கால்மணி நேரம் ஓடட்டும்னுட்டேன், சூடானப்புறம் ஸ்டேஷன் நழுவுதான்னு பாக்கணும்லா. நழுவல. குமிழச் சுத்துனா டயல் நூல் மட்டும் லேசா வழுக்கிச்சு, அதச் சொல்லியே 300 கொறச்சி 2200க்கு முடிச்சேன்.

வீட்டுல பழைய டிவி ஆன்டெனாவுக்குப் போடுவாங்கள்லா தட்ட ஒயரு, அந்த 300 ஓம் ஒயர்லயே ஒன்றரை மீட்டருக்கு டி மாதிரி கட்டி மொட்டமாடில வச்சேன். விடியக்காலைல கொடைக்கானல் ஸ்டேஷன், கோடை எஃப்.எம். 100.5 வருது பாத்துக்கிடுங்க! ஸ்டீரியோ லைட்டு எரியும் அணையும், மோனோல தட்டிவிட்டா இரைச்சல் சட்டுனு அடங்கிரும். வெயில் ஏறுனா போயிரும். உள்ளூர் ஸ்டேஷனுக்கு எந்நேரமும் சிக்னல் மீட்டர் முள்ளு கடைசில ஒட்டிக்கிட்டு நிக்கி, பேஸ் எல்லாம் போன்ல கேக்கதவிட அம்புட்டு தெளிவு.

டிஜிட்டல் எடுக்கவங்க அமெரிக்கா மாடலா இருந்தா ஒருதடவ தட்டிப் பாருங்க. சிலது 0.2, 0.2ஆத்தான் தாவும், 93.5ல நிக்கும், 106.4 மாதிரி ரெட்டப்படைல முடியுற நம்பர்ல நிக்காது. மத்தபடி சான்சுய், பயனியர்னு பேருக்குப் பின்னால ஓடாதீங்க, ஆன்டெனாவுக்குச் செலவு பண்ணுங்க.

அந்த ஜப்பான் செட்டு யாருக்கும் வேணும்னா சொல்லுங்க, ஷோகேஸ்ல வச்சா நல்லாருக்கும்.